அவரைப் பந்தலின் நாலாவது கால்

கல்யாணச் சாப்பாட்டை ஒரு வேளைதான் திட்டுவார்கள். பந்தலை, அதைப் பிரிக்கிற வரைக்கும் திட்டுவார்கள்.

பந்தல் சோடிக்கிற பிழைப்பில் இருந்தவர்களுக்கு இது புதுசில்லை. தோரணம் தலையில் இடித்தால் நாம். வாழை மரம் சாய்ந்தால் நாம். மாப்பிள்ளைக்குத் தும்மல் வந்தால்கூட, அந்தக் காகிதப் பூவில் என்னத்தைத் தடவினீர்கள் என்று நம்மிடம்தான் வருவார்கள். என் வீட்டுக்காரர் பந்தல் போடுவார், நான் பூவும் தோரணமும் செய்து சோடிப்பேன். கொல்லிமலை அடிவாரத்தில், புளியஞ்சோலைக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. முப்பது வருஷம் இந்த வேலை செய்தோம். திட்டு வாங்கின கதை வண்டி வண்டியாக இருக்கிறது. இங்கே நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கல்யாணத்தை. ஜப்பான்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு தை மாசம், மலைமேலே ஒரு வீட்டின் புழக்கடையில் நடந்தது அது.

வாசலில் வேண்டாம்

மலையிலிருந்து சடையன் என்று ஒரு குடியானவர் மிளகு மூட்டையைச் சந்தையில் இறக்கிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு மலை வாழைப்பழம். மகள் நல்லாயிக்குக் கல்யாணம் என்றார். வாசல் எத்தனை அடி அகலம், எத்தனை கால் ஊன்றலாம் என்று நான் வழக்கம்போலக் கேட்டேன். மனுஷன் பழத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். வாசலில் வேண்டாம், வீட்டுக்குப் பின்னால்தான் என்றார்.

மெல்ல மெல்ல விஷயம் வந்தது. நல்லாயிக்கு இது ரெண்டாவது கல்யாணம். முதல் புருஷன் காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகிறது. எங்கள் பக்கத்தில் என்றால் அந்த வயசுப் பெண்ணை மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள். மலையில் அப்படிக் கிடையாது, இன்னொருத்தன் கேட்டு வந்தால் கட்டிக் கொடுப்பார்கள். அந்த மட்டுக்கு நம்மைவிட நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதிலும் ஒரு கொக்கி இருந்தது. அவர்கள் ஊரில் ரெண்டாந்தாலிக்கு மேளம் இல்லை, வாசலில் கூட்டம் இல்லை, பந்தலுக்குக் கால் ஊன்றவே கூடாது. வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, நாலு பேர் பார்க்கத் தாலியைக் கட்டி, கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். மாப்பிள்ளைக்கு இது முதல் கல்யாணம். அவனைப் பெற்றவள் பொன்னாயி இதில் ரொம்பக் கண்டிப்பு. ஒரு கால் ஊன்றியிருந்தாலும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அப்புறம் எங்களை எதுக்குக் கூப்புடறீங்க?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. சடையன் மகள் பேச்சை எடுத்தார். நாலு வருஷமாக மகள் எதுவும் கேட்டதில்லையாம். இப்போது ஒன்று கேட்டிருக்கிறாளாம். களவாண்டுகொண்டு போகிற சாமான் மாதிரி என்னை அனுப்பாதீர்கள், பார்த்தால் கல்யாணம் என்று தெரிய வேண்டும் என்றாளாம். "கால் ஊனாம, கல்யாணமுன்னு தெரியற மாதிரி என்னமாச்சும் பண்ணிக் குடுங்க கண்ணு. வேற ஆரைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

பனியில் காகிதப் பூ

பத்து நாள் உட்கார்ந்து பூச் செய்தேன். கால் இல்லாவிட்டால் போகிறது, பின்சுவர் முழுக்கப் பூவாகவே அடைத்துவிடலாம் என்பது என் கணக்கு. சண்டைக் காலத்தில் வர்ணக் காகிதம் என்பது குதிரைக் கொம்பு. துறையூர்க் கடையில் கிடந்த வெள்ளைக் காகிதத்தை வாங்கி, நானே சாயம் ஏற்றி, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஒட்டி, ரோசாவும் தாமரையுமாக ரெண்டு கூடை சேர்த்தேன். ஆளுக்கொரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு புளியஞ்சோலை ஓடையைத் தாண்டி ஏறினோம். முட்டி முகத்தில் இடிக்கிற ஏற்றம் அது. காலையில் கிளம்பி, சடையன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்தது. ஆனாலும் என் கை சும்மா இருக்குமா? வெளிச்சம் இருக்கும்போதே பின்சுவரில் எல்லாவற்றையும் கட்டி முடித்தேன். நாலடி தள்ளி நின்று பார்த்து, பரவாயில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சுவரே அடையாளம் தெரியவில்லை. எங்கள் ஊரில் தைப் பனி என்றால் புல்நுனியில் நிற்கிற சமாசாரம். மலையில் அது வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறது. பூவெல்லாம் நனைந்த அப்பளமாகத் தொங்கின. சிவப்புச் சாயம் மண்சுவரில் கோடு கோடாக வழிந்து, கல்யாண வீடா கிடாய் வெட்டின இடமா என்று கேட்கிற மாதிரி இருந்தது. மலையடியிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். விடிந்தால் அண்ணாந்து பார்த்து, மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கிறது என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அந்த மேகத்துக்குள்ளே ஒரு ஊர் இருக்கிறது, அங்கே காகிதம் நனையும் என்று மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை.

அங்கேயே குந்தி அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், விசும்பி அழுதேன். அப்போதுதான் நல்லாயி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். கட்டான உடம்பு, அளந்து பேசுகிற வாய். முந்தின நாள் என்னிடம் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசியிருக்கவில்லை. குடத்தை இறக்கிவிட்டு ஒரு ரோசாவைத் தொட்டாள். விரலெல்லாம் சிவப்பு. கோபித்துக்கொள்வாள், இல்லை அவளும் அழுவாள் என்று பார்த்தேன். விரலைச் சீலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அழுவாதீங்க அக்கா. எங்க பூவெல்லாம் பனியிலதான் பூக்குது. உங்க பூவுக்குப் பழக்கமில்ல, அவ்வளவுதான்."

காய் பறிக்கப் போன இடம்

குழம்புக்கு அவரைக்காய் பறிக்கப் போகிறேன் என்று கூடையை எடுத்தாள். அழுத முகத்தோடு அவள் அப்பாவைப் பார்க்கப் பயந்து நானும் கூடவே போனேன். வீட்டுக்குப் பின்னால் இருபதடி தள்ளி, வீட்டுக் கூரை எரவாணத்து உயரத்துக்கு அவரைப் பந்தல். நாலு மூலைக்கு நாலு கால், குறுக்கே மூங்கில், மேலே கூரை வேய்ந்த மாதிரி கொடி. தை மாசம் ஆச்சே, ஊதாப் பூவும் பிஞ்சுமாகக் கொட்டிக் கிடந்தது. நல்லாயி அதற்கடியில் நின்று கையைத் தூக்கிக் காய் பறித்தாள். நான் பறிக்கவில்லை. அவள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓடிப்போய் என் வீட்டுக்காரரைக் கூட்டி வந்தேன். அவர் ஒவ்வொரு காலாக ஆட்டிப் பார்த்தார். எப்போது ஊன்றினது என்று கேட்டார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவரை படர ஊன்றினது, கொடி மட்டும் வருஷா வருஷம் புதுசு என்றாள் நல்லாயி. அப்படியானால் கல்யாணத்துக்கென்று யாரும் கால் ஊன்றவில்லை. அதற்கடியில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றால் யார் என்ன சொல்ல முடியும்? சடையனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஊர்ப் பெரியவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். காய்க்கு ஊன்றின காலை நான் எதற்குக் கேட்கப் போகிறேன், ஆனால் பொன்னாயி கேட்டால் அது உன் பாடு என்று அவர் நழுவிவிட்டாராம். நல்லாயி அப்பாவைப் பார்த்தாள். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

அந்த ரெண்டு நாளும் நான் செய்த சோடனை மாதிரி முன்னாலும் செய்ததில்லை, பின்னாலும் செய்ததில்லை. காகிதம் ஒரு துண்டுகூடக் கிடையாது. நாலு காலுக்கும் கூந்தற்பனை ஓலை சுற்றினோம். மூங்கில் ஓரமெல்லாம் பச்சை மிளகுச் சரம்; நடுநடுவே ஒன்றிரண்டு பழுத்துச் சிவந்திருக்கும். சாமை அறுத்த வைக்கோல் தாளைத் திரித்துக் கயிறாக்கி, அதில் காட்டுப் பூவைக் கோத்தேன். எங்கள் தொழிலில் கல்யாணப் பெண்ணைச் சோடனைப் பக்கம் விட மாட்டோம். ஆளுக்கொரு யோசனை சொல்லி வேலையைக் கெடுப்பார்கள். நல்லாயி யோசனை சொல்லவில்லை, நானாகத்தான் கேட்டேன், இந்தச் சரம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று. அவள் என்னையே பார்த்தாள். முதல் கல்யாணத்துப் பந்தல் ரொம்பப் பெரிசாமே, உங்கப்பா சொன்னாரே என்றேன். "பன்னண்டு கால் பந்தலுங்க. ஒரு எலை கட்டறதுக்குக்கூட ஆரும் என்னையக் கேக்கல. அந்தப் பக்கமே கட்டுங்க அக்கா" என்றாள்.

குலைக்கு ஆசைப்பட்டேன்

இத்தோடு விட்டிருந்தால் நான் நல்ல பேர் வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பேன். ஆனால் நல்ல பேரிலும் ஒரு கைப்பிடி கூடுதலாகக் கேட்கிற புத்தி எனக்கு. எங்கள் பக்கத்துப் பந்தலில் முகப்பில் கூந்தற்பனைக் குலை தொங்கும். பெண்பிள்ளை தலைமுடியை அவிழ்த்து விட்ட மாதிரி சரம் சரமாக ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கும். அது இருந்தால்தான் கல்யாணப் பந்தல். காட்டில் அப்படி ஒரு குலையைப் பார்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அப்போதே சொன்னார், இது காய் தாங்குகிற பந்தல், ரெண்டு ஆள் தூக்குகிற கனத்தைத் தாங்காது என்று. குலை இல்லாத பந்தலும் ஒரு பந்தலா என்று நான் சண்டை பிடித்தேன். கல்யாணத்தன்று விடிந்ததும் தூக்கிக் கட்டினோம். பார்க்க என்ன அழகு தெரியுமா. நல்லாயி வந்து பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவள் சீலை மாற்ற உள்ளே போன கொஞ்ச நேரத்தில் படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. முகப்பில் இடது மூலைக் கால் தரையோடு முறிந்து கிடந்தது. உள்ளே பூராவும் கரையான். மேலே ஓலையைச் சுற்றி அழகு பார்த்த நான் அடியைப் பார்க்கவில்லை. அந்த மூலை அப்படியே தொங்கிப்போய், பந்தல் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து நின்றது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மூலையைத் தோளில் தாங்கிக்கொண்டு குலையை அறுத்துவிட்டார். எதிர்ச் சரிவில் மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வருவது தெரிந்தது. பதினைந்து பேர் இருக்கும், முன்னால் ஒரு கிழவி.

நான் கடப்பாரையைத் தூக்கினேன். புதுக் கால் ஒன்று ஊன்ற எவ்வளவு நேரமாகும்? சடையன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊன்றினால் அந்தம்மா புது மண்ணைப் பார்த்த இடத்திலேயே திரும்பிவிடும் என்றார். சரி, ஒரு கவைக் கம்பை முட்டுக் கொடுக்கலாம் என்றேன். முட்டும் மண்ணில் குத்தினால்தானே நிற்கும், அதுவும் கால்தான் என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நாலு வருஷம் கழித்து மகள் கேட்ட ஒரே ஒரு பொருளை நான் என் பவிசுக்காக ஒடித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தலைக்கு மேலே மூங்கிலைத் தாங்கிக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டியிருந்தால்கூடத் தேவலை. "குலையில்லாத பந்தலு, பந்தலாவே நின்னிருக்கும் புள்ள" என்றார்.

பொன்னாயி வந்தாள்

ஒல்லியான, குட்டையான கிழவி. நரைத்த முடியை இழுத்து முடிந்திருந்தாள். அவள் புருஷன் கூறைச்சீலைத் தட்டோடு பின்னால் வந்தார். வாங்க என்று சடையன் கும்பிட்டதற்குக்கூட நிற்கவில்லை, நேரே புழக்கடைக்கு வந்துவிட்டாள். அவரைப் பந்தலைப் பார்த்தாள். மேலே பார்க்கவில்லை, அடியைத்தான் பார்த்தாள். ஒரு காலுக்குப் பக்கத்தில் போய்க் குதிகாலால் மண்ணை மிதித்துப் பார்த்தாள். கல்லாக இறுகியிருந்தது. ரெண்டாவது, மூன்றாவது. நாலாவதுக்கு வந்தாள். அங்கே என் வீட்டுக்காரர், தைப் பனியில் வேர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

"இதாரு?" என்றாள். நான்தான் முன்னால் போனேன். "எங்க ஊட்டுக்காரருங்க. கால் முறிஞ்சு போச்சுங்க. கனத்தைக் கட்டுனது நாந்தானுங்க, பொண்ணு ஊட்டுக்காரங்க மேல தப்பில்லீங்க. புதுசா ஊனலீங்க" என்றேன். முறிந்த காலையும் காட்டினேன். அவள் குனிந்து அந்தக் கரையான் தின்ற அடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஊர் பேர் தெரியாத ஆம்பளை பொண்ணு தலைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு நிற்பது ஆகாது என்றாள். போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வாசற்படியில் நல்லாயி வந்து நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிழவி இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையை உருவி என் கையில் கொடுத்தாள். அந்த உரலை இங்கே கவிழ்த்துப் போடுங்கள் என்றாள். ரெண்டு பேர் உருட்டி வந்து கவிழ்த்தார்கள். அதன்மேல் ஏறினாள். என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தள்ளு என்கிற மாதிரி முகவாயை ஆட்டினாள். அவர் விலகவும், ரெண்டு கையையும் தூக்கி மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். பந்தல் நேராக நின்றது. அவள் தம்பியோ யாரோ, நான் பிடிக்கிறேன் அக்கா என்று ஓடி வந்தார். அவள் விடவில்லை. தட்டோடு நின்ற புருஷனைக் காட்டி எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "இந்த மனுசன் எனக்குக் கட்டுனதும் ரெண்டாந்தாலிதான். மாட்டுக் கொட்டாய்க்குப் பொறத்தால, சாணி மேல நின்னேன். ஒரு ஓலை கட்டல ஆரும்." அவர் தட்டைப் பார்த்தபடி நின்றார்.

இத்தனை பட்டவள் ஏன் அத்தனை கண்டிப்பாக இருந்தாள்? தான் பட்டதை இன்னொருத்தியும் படட்டும் என்றா, இல்லை அதுதான் முறை என்று சொல்லிச் சொல்லித் தன் மனசை ஆற்றிக்கொண்டாளா? நான் இன்றைக்கும் யோசிக்கிறேன், எனக்கு விளங்கவில்லை. நல்லாயி வந்து பந்தலுக்கடியில் நின்றாள். தலையைக் குனியவில்லை. உரல்மேல் நின்ற மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் பாட்டுக்கு ஓடியது. கிழவியின் நரைத்த தலையில் அவரைப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைப் பையன் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்தபடி மலைத்துப்போய் நின்றான்.

"கால் ஊனக்கூடாதுன்னு சொன்னது நாந்தான். நான் நிக்கக்கூடாதுன்னு ஆரும் சொல்லல. கட்டுடா தாலிய, கை வலிக்குது" என்றாள் பொன்னாயி.

முப்பது வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஊன்றின கால்களுக்குக் கணக்கில்லை, அத்தனையிலும் ஒருவர்கூடக் குறை சொல்லாதது நாங்கள் ஊன்றாத அந்த ஒரு காலைத்தான்.